தூசி மேல் போட்ட சுழி

குழந்தைவேலு பயந்தாங்கொள்ளி. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

லாரி ஓட்டிய காலத்தில் அவர் அப்படி இல்லை. பிரேக் சரியாகப் பிடிக்காத லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் பீடியோடு போனவர். இப்போது கறுப்புக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றால் போதும். கையில் இருக்கிற தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றுக்குப் போகிற மாதிரி ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

முதுகு போனதால் லாரியை விட்டவர். சிமெண்ட் ஆலைச் சாலையில் மங்கை நடத்துகிற வாட்டர் சர்வீசில் வண்டி கழுவ வந்து சேர்ந்தார். மங்கைக்கு அவருடைய கடைசி மகள் வயதுதான் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு பட்டறையில் காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அவளை அவர் "வாத்தியாரம்மா" என்று கூப்பிட்டார். முதலில் கிண்டலுக்குத்தான். போகப் போகக் கிண்டல் போய்விட்டது, வாத்தியாரம்மா நின்றுவிட்டது.

அந்த ஊர்த் தூசி சும்மா தூசி இல்லை. ஆலைப் புகையும் கல்லும் கலந்த மாவு. பார்க்கத்தான் மாவு. வண்டிக்கு அது உப்புத்தாள். தேய்த்தால் தோலை உரித்துவிடும்.

சேர்ந்த அன்றைக்கே மங்கை சொன்னாள்.

"தண்ணி ஓடுறதுக்கு முன்னாடி வண்டி மேல எதுவும் படக்கூடாது, அண்ணே."

"துணி?"

"படக்கூடாது."

"நல்ல பஞ்சு மாதிரித் துணி?"

"எதுவும்னா எதுவும்."

பனியன் வேஸ்ட் துணியைச் சக்கரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினாள். துணி கை தவறித் தரையில் விழுந்தால், அது விழுந்ததுதான். உதறிவிட்டுத் திரும்ப வைக்கிற பேச்சே கிடையாது. குழந்தைவேலு எல்லாவற்றையும் கேட்டு நடந்தார். ஒன்றைக்கூட மீறவில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை. நர்ஸ் லீலாவதியின் வெள்ளைக் காரை அவர் கழுவி முடித்திருந்தார். பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே கழுவினார். லீலாவதி வாரம் தவறாமல் வருகிறவர். சாவியைக் கொடுத்து, "அண்ணன் கை பட்டாலே போதும்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார். ஒரு தடவைகூடச் சுற்றிப் பார்த்ததில்லை.

துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே குழந்தைவேலு கேட்டார்.

"வாத்தியாரம்மா, வெள்ளை வண்டின்னா எனக்குப் பயமே கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுக் கழுவுவேன். கறுப்பைத் தொட்டா மட்டும் கை நடுங்குது. இந்தப் பயம் எப்பப் போகும்?"

"கண்ணை மூடிக்கிட்டா?"

"மூடிக்கிட்டு."

"அப்ப எனக்கு உங்க வெள்ளைதான் பயமா இருக்கு" என்றாள் மங்கை.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கேள்வி கேட்ட வாய் மூடுவதற்குள் அந்தக் கறுப்பு வண்டி வந்தது.

கான்ட்ராக்டர் அமிர்தகடேசனின் வண்டி. அவரே ஓட்டி வந்தார். ஆலைக்குள் எங்கேயோ நிறுத்தி வைத்திருந்திருக்கிறார், வண்டி கறுப்பு என்று நம்பித்தான் சொல்ல வேண்டும். அவ்வளவு தூசி.

ஷெட் நிற்கிற இடம் அவருடையது. அந்த வரிசையில் எல்லாமே அவருடைய இடம்தான். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் பிரச்சினையே. பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. டீக்கடைக்காரர் கை தவறி இதே வண்டிக் கதவில் பால் சட்டியை இடித்துவிட்டார். "பரவாயில்லப்பா" என்றுதான் அமிர்தகடேசன் சொன்னார். மறுநாள் கடையைக் காணோம். அடுப்புக்கு முட்டுக்கொடுத்த செங்கல் மட்டும் கரி பிடித்துக் கிடந்தது. இன்னமும் கிடக்கிறது. கறுப்பு வண்டி வரும்போதெல்லாம் குழந்தைவேலுவின் கண் அந்தச் செங்கல்லுக்குத்தான் போகும்.

"யாரு கழுவுறது?" என்றார் அமிர்தகடேசன்.

"அண்ணன் கழுவுவாரு" என்றாள் மங்கை.

அவர் குழந்தைவேலுவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"மோதிரம் ஏதும் இருக்கா?"

"இல்லீங்கய்யா."

"சாயங்காலம் பையனுக்குப் பொண்ணு பார்க்கப் போறோம். வந்து பார்க்கிறேன்."

பார்க்கிறேன் என்று அவர் சொன்னால் பார்ப்பார். இழைத்த பலகையை ஆசாரி பார்க்கிற மாதிரி, பானெட்டில் கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் ஓடுகிற பக்கமெல்லாம் பார்ப்பார். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் போனதும் குழந்தைவேலு மங்கையிடம் ஓடினார்.

"என்னைக் கொன்னுடாதீங்க. நீங்களே கழுவுங்க."

"உங்க பேரைச் சொல்லிட்டேனே."

"ஏன் சொன்னீங்க?"

"பயம் எப்பப் போகும்னு இப்பத்தானே கேட்டீங்க."

"கேட்டா உடனேவா? ஒரு ஆட்டோவுல ஆரம்பிச்சிருக்கலாமில்ல?"

"கீறல் விழுந்தா ஷெட்டு போகும். என் ஷெட்டுதான். எனக்கே பயமில்ல, உங்களுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு, மோட்டார் போட ஷெட்டுக்குப் பின்னால் போனாள். அவள் பயமில்லை என்று சொன்னது பொய். போகும்போது அவளும் அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டே போனதைக் குழந்தைவேலு கவனித்தார்.

மோட்டார் எடுத்துத் தண்ணீர் ஏறி வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் அவர் வண்டி முன்னால் நிற்பார். எப்போதும் அப்படித்தான்.

பிள்ளையார் சுழி போடாமல் அவர் எதையும் தொடங்கியதில்லை. லாரி ஓட்டும்போது ஸ்டியரிங் மேல் விரலால் போடுவார். சாப்பாட்டு இலையில் தெளித்த தண்ணீரில்கூடப் போடுவார். இங்கே பானெட் மேல் தூசி இருந்தது, கையில் விரல் இருந்தது. பலகையில் எழுதுகிற மாதிரி சுகமாக வரும்.

அன்றைக்கு விரல் நடுங்கியது. நடுங்கக்கூடாது என்று அழுத்திப் போட்டார். சுழித்து, வளைத்து, கீழே ரெண்டு கோடும் இழுத்தார்.

பிள்ளையாரப்பா, ஒரு கீறல் விழக்கூடாது.

குழாயில் தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு அவர் கழுவியதை யார் பார்த்திருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள். முதலில் தள்ளி நின்று காற்று அடித்தார். தூசி புகையாகக் கிளம்பியது, சுழியும் அதோடு பறந்தது. பிறகு தண்ணீர். இந்த ஊர்த் தூசிக்குத் தெளிக்கிற தண்ணீர் ஆகாது, குழைந்து ஒட்டிக்கொள்ளும். கூரையிலிருந்து கீழே வரைக்கும் ஆறாக ஓட விட்டார். ஓடுகிற தண்ணீர் தெளியும் வரை விட்டார். ஷாம்பு நுரையை மேலே போர்த்தி ஊற வைத்தார். நுரை காய்வதற்கு முன்னால் அதையும் தண்ணீராலேயே தள்ளினார்.

அப்புறம்தான் கையுறையைப் போட்டார். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு இழுப்பு இழுப்பார், வெறும் தண்ணீரில் அலசுவார், திரும்ப நனைப்பார். நேர்க்கோட்டில் மட்டும் இழுத்தார். வட்டம் போடவில்லை. அழுத்தவே இல்லை. கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினார். கடைசியில் பெரிய துணியை விரித்து மேலே போட்டு, அது தண்ணீரைக் குடித்ததும் தூக்கினார். தேய்க்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

முடிந்தபோது வண்டி கிணறு மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் அவர் முகம் தெரிந்தது. அந்த முகம் லேசாகச் சிரித்தது.

"வாத்தியாரம்மா, வந்து பாருங்க."

மங்கை வந்தாள். செல்போனில் டார்ச்சைப் போட்டாள். அதை மேலிருந்து அடிக்காமல் பானெட்டோடு பானெட்டாகச் சாய்த்துப் பிடித்தாள். கூரையைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. கதவுகளைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பானெட்டுக்கு வந்தாள். டார்ச் நின்றுவிட்டது.

"அண்ணே, இது என்ன?"

அவர் குனிந்து பார்த்தார்.

கறுப்புக்குள் வெள்ளி நூல் மாதிரி ஒரு பிள்ளையார் சுழி. கீழே ரெண்டு கோடு.

டார்ச் வெளிச்சத்துக்கு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"நான் துணியே வைக்கலியே."

"துணி இல்ல. விரல்."

"விரல் வெறும் சதைதானே?"

"விரல் சதைதான். விரலுக்கும் வண்டிக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?"

அவர் தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"எதுவும் படக்கூடாதுன்னு சொன்னேனே, அண்ணே."

"சாமி பேரு, வாத்தியாரம்மா. அது எப்படிக் கீறும்?"

"என்ன எழுதுறீங்கன்னு மண்ணுக்குத் தெரியுமா?"

குழந்தைவேலு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தரை ஈரம். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. செங்கல் தெரிகிற பக்கமாக உட்கார்ந்துவிட்டோமே என்றுதான் தோன்றியது. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். முதுகில் அது உறுத்தியது.

"அந்தச் சிவப்பு டப்பா இருக்கே" என்றார் மெதுவாக. "கிரீம். தடவினா கீறல் ரொம்பிடும். யாருக்கும் தெரியாது."

"தெரியாது. அடுத்த தடவ கழுவுனா?"

"அடுத்த தடவ வேற எவனாவது கழுவட்டும். பழி அவன் மேல போகட்டும்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மங்கை உள்ளே போனாள். சிவப்பு டப்பாவை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வாளி மேல் வைத்தாள்.

"நீங்க கழுவின வண்டி. நீங்களே பார்த்துக்கோங்க."

"வாத்தியாரம்மா..."

"ஒண்ணு கேக்கணும். எல்லா வண்டியிலயும் சுழி போடுவீங்களா?"

"எல்லாத்துலயும்" என்றார். அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. "நீங்க மோட்டார் போட்டு வர்றதுக்குள்ள போட்டுருவேன். ஒரு வண்டி விட்டதில்ல."

மங்கை வெள்ளை வண்டி நின்ற பக்கம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், சொல்லாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

டப்பாவோடு அவர் தனியாக இருந்தார். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. சாயச் சாயச் சுழி தானாகவே தெரிய ஆரம்பித்தது, டார்ச்சே தேவைப்படவில்லை. மூடியைத் திறந்தார். வாழைப்பழ வாசனை அடித்தது. ஆள்காட்டி விரலால் ஒரு எடுப்பு எடுத்தார். அதே விரல்.

வாசலில் செருப்புச் சத்தம்.

அமிர்தகடேசன் வேட்டி மாற்றி, சந்தனம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். குழந்தைவேலு எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கிரீம் விரலிலேயே இருந்தது.

அமிர்தகடேசன் நேராக வண்டியின் பின்பக்கம் போய், டிக்கியில் கன்னத்தைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். நிமிர்ந்தார். பின்கதவுக்கு வந்தார். சாய்ந்தார். நிமிர்ந்தார். முன்கதவு. அவசரமே இல்லை. ஒவ்வொரு தடவை அவர் நிமிரும்போதும் அடுத்தது எந்தப் பக்கம் என்று குழந்தைவேலு கணக்குப் பார்த்தார். அடுத்தது பானெட்.

"ஐயா, கீறல் இருக்கு. நான் போட்டது."

வீரத்தால் சொல்லவில்லை. அவர் வந்து கண்டுபிடிக்கிற அந்த நொடியைத் தாங்க முடியாது என்றுதான் சொன்னார்.

"எங்க?"

குழந்தைவேலு காட்ட விரலை நீட்டினார். வண்டியில் படாமல் கொஞ்சம் மேலேயே நிறுத்தினார்.

"விரல்ல என்ன?"

"கிரீம்ங்கய்யா. மறைச்சுடலாம்னு எடுத்தேன்."

மங்கை தொட்டிப் பக்கமிருந்து வந்து நின்றாள். அமிர்தகடேசன் பானெட்டில் கன்னத்தைச் சாய்த்தார். அப்படியே கிடந்தார். சாலையில் ஒரு கல் லாரி போனது. அது போய்ச் சத்தம் அடங்குகிற வரைக்கும் அவர் நிமிரவில்லை.

"பிள்ளையார் சுழி" என்றார்.

"ஆமாங்கய்யா."

"எதுக்குப் போட்ட?"

"கீறல் விழக்கூடாதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை.

அமிர்தகடேசன் மங்கையைப் பார்த்தார். "எடுத்துரலாமா?"

"எடுக்கலாம்ங்க. மேல் பூச்சை மெல்லிசா சீவணும். சுழி போயிரும்."

"சீவணுமா?"

"ஆமாங்க. இப்பவே வேணும்னாலும் எடுத்துத் தரேன்."

அவர் வானத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். நெற்றிச் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப பிள்ளையாரைச் சீவிட்டா போறது?"

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு அஷ்டமி."

"அதுக்கு மறுநாள்?"

"பொண்ணு வீட்டுல முதல்ல சரின்னு சொல்லட்டும்மா. அவசரப்படுத்தாத."

எப்போதும் போல மெதுவான குரல்தான். ஆனால் குழந்தைவேலுவுக்கு அந்தக் குரல் தெரியும். கறுப்பு வண்டி முன்னால் நிற்கும்போது அவருக்கே வருகிற குரல் அது. இந்த மனுஷனுக்கும் வருமா என்று அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அமிர்தகடேசன் வண்டியில் ஏறினார். கண்ணாடியை இறக்கினார்.

"ஷெட்டு இருக்கட்டும்" என்றார். "விரல் ஜாக்கிரதை."

வண்டி போய்விட்டது. முன்னைவிட மெதுவாகப் போன மாதிரி இருந்தது.

குழந்தைவேலு கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். விரலிலிருந்த கிரீமைத் தன் லுங்கியிலேயே துடைத்தார். திடீரென்று வாய் திறந்துகொண்டது.

"பார்த்தீங்களா, வாத்தியாரம்மா. பிள்ளையாரே காப்பாத்திட்டாரு. வேற எந்த எழுத்து போட்டிருந்தாலும் இன்னேரம் நாம ரெண்டு பேரும் செங்கல்லுதான். போதும்ப்பா. இனிமே கறுப்பு வேணாம். எனக்கு வெள்ளையாவே குடுங்க. வெள்ளை வண்டி என்னைக்கும் என்னைக் காட்டிக் குடுத்ததில்ல."

மங்கை கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

நர்ஸ் லீலாவதியின் வண்டி ஓரமாக நின்றது. காலையில் கழுவியது, பளபளவென்று இருந்தது. மங்கை டார்ச்சைப் போட்டு பானெட்டோடு சாய்த்துப் பிடித்தாள்.

முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைதான் தெரிந்தது. அவள் டார்ச்சை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

அவர் குனிந்தார். யாரும் சொல்லாமலே கன்னத்தைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார்.

ஒரு சுழி. அதன் மேல் ஒரு சுழி. அதையும் அடித்துக்கொண்டு இன்னொன்று. எல்லாம் ஒரே இடம், ஒரே அளவு. கோழி கிளறின மண் மாதிரி இருந்தது. பானெட்டில் அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்பே இல்லை. வாரா வாரம் தன் கையால் துடைத்த இடம்.

அவர் நிமிர ரொம்ப நேரம் ஆனது.

"நர்ஸம்மா ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார்.

"அவங்க கன்னத்தைச் சாய்ச்சுப் பார்க்கிற ஆளு இல்ல, அண்ணே."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லீலாவதி இறங்கினார். டூட்டி முடிந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"அண்ணே, வண்டி ரெடியா? ஆயிருக்கும். உங்க கை பட்டா வேறென்ன வேணும்."

ஆட்டோக்காரரிடம் சில்லறைக்கு நின்றார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"சொல்லணுமா?" என்று குழந்தைவேலு கேட்டார்.

மங்கை டார்ச்சைப் பானெட்டிலிருந்து எடுக்கவில்லை.

"சொன்னாத் திட்டக்கூட மாட்டாங்களே."

"மாட்டாங்க."

அவர் சாவியை எடுக்கச் சுவர் ஆணிப் பக்கம் கையை நீட்டினார். எடுக்க வரவில்லை. சாவிக்கொத்து ஆணியில் இடித்துக் கிலுகிலுவென்று ஆடியது. கையை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"கை நடுங்குது, வாத்தியாரம்மா."

மங்கை டார்ச்சை அணைத்தாள்.

"வெள்ளை வண்டிதானே, அண்ணே."